செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போன ஆட்டம்

பிப்ரவரி 9, 2003, ஞாயிறு

சுகுணா இந்த நோட்டை வாங்கி வந்து கையில் திணித்தாள். "அப்பா தெனமும் இன்னா பண்றாரு, இன்னா பேசறாரு, எல்லாத்தியும் எழுதி வைம்மா. அடுத்த தடவ போவும்போது பெங்களூர் டாக்டர் கேப்பாரு." காலமெல்லாம் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவளுக்கு, என் வயிற்றில் பிறந்தவள் வீட்டுப்பாடம் கொடுக்கிறாள். இருக்கட்டும்.

காலை இரண்டு இட்லி. குளிக்க அடம். குளித்த பிறகு சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இன்னா மே, இன்னும் ரெடியாவலியா? ரயில்வேகாரன் டீம் வந்து எறங்கிட்டான். மொத ஆட்டம்" என்றார்.

ரயில்வே டீமோடு முதல் ஆட்டம் நடந்தது 1955இல். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது மாதம்.

பிப்ரவரி 10, திங்கள்

டாக்டருக்குப் புரிய வேண்டுமே என்பதற்காக எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் கோதண்டன் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. ஆனால் அவருக்கு வேலை கிடைத்தது கோல் காக்கத்தான். எந்த மைனாக இருந்தாலும் அதற்கு ஒரு ஹாக்கி டீம் உண்டு. நல்ல ஆட்டக்காரன் எங்கிருந்தாலும் தூக்கிக்கொண்டு வந்து வேலையும் தொழிலாளர் லைனில் ஒரு வீடும் கொடுத்துவிடுவார்கள். ஆட்டக்காரன் என்றாலும் ஷிப்டுக்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனாலும் இவர் தெருவில் நடந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நின்று சலாம் போடுவான். எனக்கே கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. மறுத்துச் சொன்னால் வாய் வெந்துபோகும்.

இப்போது மைனை மூடிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் விடியும் முன்னே ரயிலேறி பெங்களூர் வேலைக்குப் போகிறார்கள். சுகுணாவும் அப்படித்தான். பகலெல்லாம் நானும் இவரும் மட்டும்.

மாவு ஆட்டினேன். கிரைண்டர் பெல்ட் வழுக்குகிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ரயில்வேகாரனை ஜெயித்தாயிற்றாம். நேற்றிலிருந்து அதே பேச்சு. "கடைசில அந்த நெட்டையன் அடிச்சான் பாரு, பந்து இப்படி வந்துச்சி" என்று எழுந்து நின்று காலை அகட்டிக் காட்டினார். அப்படித்தான் வந்தது. நான் பெண்கள் பக்கத்தில், கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள். பந்து இவர் பேடில் பட்டுத் தெறித்த சத்தம் எங்கள்வரை கேட்டது. பக்கத்தில் இருந்த பொம்பளை என் தொடையில் ஓங்கி அடித்து, "உன் புருஷன்டீ!" என்று கத்தினாள்.

இன்று காலை எழுந்ததும் கோயமுத்தூர் மில் டீமைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கும் ரயில்வேக்கு அடுத்தது கோயமுத்தூர்தான்.

பிப்ரவரி 20, வியாழன்

தெருவில் பூக்காரி வந்தாள். வந்தாளே என்று சும்மா மல்லிகை வாங்கினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

"இன்னாம்மா, பூவெல்லாம் வச்சிகினு கீற?" என்று சுகுணா கேட்டாள். பூ வைத்தால் என்ன, தப்பா? அவளுக்குத் தெரியாமல் இவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீயே ஏத்தி வுடற. மைனு மூடி ரெண்டு வருஷம் ஆச்சி, இது இன்னா வருஷம், எல்லாம் மெதுவா எடுத்துச் சொல்லுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?"

சொன்னேன். சொன்னால் அந்த மனுஷன் முகம் செத்துப்போகிறது. "ஆட்டத்துக்கு நேரமாச்சுங்க" என்று சொன்னால் குளிக்கிறார், சாப்பிடுகிறார், என் கையைப் பிடிக்கிறார். நேற்று என்னைப் பார்த்து, "இந்த மஞ்ச பொடவதான் உனுக்கு எடுப்பா கீது" என்றார். நான் கட்டியிருந்தது சாம்பல் நிறம். எது எப்படியோ, அவரை அமைதியாக வைத்திருப்பதற்காகத்தான் நான் கூடப் பேசுகிறேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கோயமுத்தூரையும் ஜெயித்தாயிற்று.

மார்ச் 5, புதன்

இன்று ஒன்றைக் கவனித்தேன். இவருக்கு அந்த சீசன் வரிசை தப்பாமல் வருகிறது. ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது. நடுவில் ஒன்றும் தாண்டிப் போவதில்லை, பின்னாலும் திரும்புவதில்லை. இப்படியே போனால் இன்னும் இரண்டு லீக் ஆட்டம். அதற்கப்புறம் அரையிறுதி.

அரையிறுதி நடந்த அன்றைக்குத்தான் கீழே பாறை வெடித்தது. ஏர் பிளாஸ்ட் என்போம். தரையே தூக்கிப் போடும், அடுக்கில் இருக்கும் பாத்திரமெல்லாம் உருளும். என் அண்ணன் முனிரத்தினம் அன்றைக்குக் கீழே இருந்தான். அவன் உடம்புகூட முழுசாக வரவில்லை. இவர் அதற்கப்புறம் ஸ்டிக்கைத் தொடவில்லை. அண்ணன் பேரை இந்த வீட்டில் சொன்னதும் இல்லை.

அந்த நாள் மறுபடி இவர் தலைக்குள் வந்தால் என்ன ஆவார்? இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போய்விடாதா?

மார்ச் 11, செவ்வாய்

கறிவேப்பிலைக்குக் கொல்லைக்குப் போனேன். திரும்பி வந்தால் ஆள் இல்லை. தெருக்கோடிவரை ஓடிப் பார்த்தேன். ஆட்டோ ஓட்டுகிற டேனியல்தான் கூட்டிக்கொண்டு வந்தான். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன்.

"டீச்சர், சார் பழைய ஷாப்டாண்ட நின்னுகினு கீறாரு. வேலிய இரும்புக்கோசரம் எவனோ அறுத்துகினு போயிட்டான். உள்ள தண்ணி ரொம்பிக் கெடக்குது. ஓரமெல்லாம் பொலபொலன்னு கீது. வுழுந்தா எடுக்க முடியாது டீச்சர்."

ஷாப்ட் என்றால் சுரங்கத்துக்குள் இறங்குகிற குழி. ஆட்டம் இல்லாத நாளில் ஷிப்டுக்குப் போகிறார். அன்றைக்கும் அப்படித்தானே. டேனியலுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 12, புதன்

வாசல் கதவுக்கு சுகுணா பெரிய பூட்டு போட்டாள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் ஆடுகிறது. ஆசாரியிடம் சொல்லியிருக்கிறது.

மார்ச் 19, புதன்

இன்று தூசி தாங்கவில்லை. மைன் கழிவு கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து காற்று வாரி அடிக்கிறது. துணியெல்லாம் மறுபடி அலசினேன்.

நான்காவது ஆட்டத்தில் ஒரு கோல் வாங்கிவிட்டாராம். பெனால்டி கார்னர். அதற்காக மதியம் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "ஒரு கோல்தானேங்க, நம்ம ஆளுங்க மூணு போட்டாங்க இல்ல" என்று ஊட்டிவிட்டேன். அன்றைக்கும் இதையேதான் சொன்னேன், இதே மாதிரிதான் ஊட்டினேன். அப்போது வெட்கமாக இருந்தது.

மார்ச் 27, வியாழன்

லீக் முடிந்தது. "அரையிறுதி ஞாயித்துக்கெழம மே" என்கிறார். பல் தெரியச் சிரிக்கிறார்.

இங்கே ஒன்றை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் சுகுணா படிக்கும்போது அவளுக்குப் புரியாது. லீக் ஆட்டமெல்லாம் வார நாளில் நடக்கும். டீமில் எல்லோருக்கும் லீவு கிடைக்காது. அதனால் மைனில் ஒரு வழக்கம். ஆட்டக்காரனுக்குப் பதிலாக அவன் சொந்தக்காரன் ஒருத்தன் அவன் பில்லையை வாங்கிக்கொண்டு கீழே இறங்குவான். பில்லை என்றால் நம்பர் அடித்த பித்தளைத் தகடு. ஷாப்ட் வாசல் ஜன்னலில் நம்பரைச் சொல்லி அதை வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள். தகட்டில் நம்பர்தான் இருக்கும், முகமா இருக்கும்? மேஸ்திரிக்கும் தெரியும். டீம் ஜெயிக்கணும் இல்லையா, கண்டுகொள்ள மாட்டார்.

இவர் பில்லையில் இறங்கியவன் என் அண்ணன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவன்தான்.

ஏர் பிளாஸ்ட் ஆனதும் ஊரே ஷாப்ட் வாசலுக்கு ஓடியது. பில்லைக் கணக்கைப் பார்த்து உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பேரைப் படித்தார்கள். "கோதண்டன்" என்று படித்தார்கள். என் புருஷன் பேரை என் காதால் கேட்டேன். மண்ணில் விழுந்து புரண்டேன். அப்போது மைதானத்துப் பக்கமிருந்து இவர் ஓடி வந்தார், காலில் பேடைக்கூடக் கழற்றாமல். அவரைப் பார்த்ததும், அப்படியானால் கீழே இருப்பது யார் என்றுகூட யோசிக்காமல் நான் என்ன செய்தேன் என்பது இங்கே வேண்டாம்.

ஏப்ரல் 3, வியாழன்

தினமும் "ஞாயித்துக்கெழம", "ஞாயித்துக்கெழம". போன ஞாயிறு அன்று இது சனிக்கிழமை என்று சொல்லி ஏமாற்றிவிட்டேன். அடுத்த நாள் என்ன கிழமை என்று சொல்லவே இல்லை. காலண்டரைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். ஆனால் எதிர்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் தெருவில் ஆடினால் கண்டுபிடித்துவிடுவார். என்னதான் செய்வது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையிலேயே வெள்ளைச் சட்டை. சுகுணாவின் துணி துவைக்கிற கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "கெளம்பு மே" என்றார்.

சட்டென்று வாயில் வந்தது. "மழைங்க. ஆட்டத்த தள்ளிப்போட்டுட்டாங்க."

சுகுணா ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னாம்மா மழ? வெயிலு பல்ல இளிக்குது."

கண்ணால் அவளை அடக்கினேன். அவர் நம்பிவிட்டார். ஓட்டுக் கூரையைப் பார்த்தார், தலையாட்டினார், உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. தினமும் மழை என்று சொல்லிவிட்டால் போகிறது, சீசனை அங்கேயே நிறுத்திவிடலாம் என்று மனசுக்குள் கொண்டாடினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு அப்பளம்கூடப் பொரித்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். "ஞாயித்துக்கெழம மழைன்னா செவ்வாக்கெழம வெப்பாங்க. செவ்வாக்கெழம எனுக்கு ஷிப்டு கீதே மே."

அன்றைக்கும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்த அரையிறுதி. கோடை மழை கொட்டி மைதானம் குளமாகி, செவ்வாய்க்குத் தள்ளிப்போட்டார்கள். ஞாயிறு என்றால் யாருக்கும் ஷிப்டு இல்லை. என் அண்ணன் முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வருவதாக இருந்தான். அதுவரை அவன் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. ஆட்டம் என்றால் அவனுக்குக் கீழே வேலை. மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமை அவன் பாட்டுக்கு வீட்டில் இருந்திருப்பான்.

அந்த மழையை இன்று நான் பெய்ய வைத்தேன். எனக்கு எப்படி ஞாபகம் வராமல் போயிற்று? புத்தி கெட்டவள், புத்தி கெட்டவள்.

ஏப்ரல் 7, திங்கள்

"ரத்தினத்த கூப்பிட்டு அனுப்பு. அவன்கிட்ட ஒன்னு சொல்லணும்."

நாற்பத்தெட்டு வருஷம் கழித்து அந்தப் பேர் அவர் வாயிலிருந்து வந்தது. நான் மோர் கலக்கிக்கொண்டிருந்தேன். "ஊருக்குப் போயிருக்கிறான்" என்றேன். "மழை நிக்கல" என்றேன். "ஆட்டமே கேன்சல் ஆயிடிச்சாம்" என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. "நீ போய்க் கூப்புடு மே" என்று ஒரே பிடி.

என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாதா? 'மச்சான், நாளைக்கு என் பில்லைய வாங்கிகினு போ' என்று சொல்வார். அன்றைக்கு எதிர் அறையிலிருந்து என் காதாலேயே கேட்டவள் நான். போடா, உன் ஹாக்கியும் நீயும் என்று மனசுக்குள் திட்டினேன். புருஷனை அப்படித் திட்டக்கூடாது. திட்டினேன்.

சுகுணாவை நாளைக்கு லீவு போடச் சொன்னேன். போட முடியாதாம். கணக்கு முடிக்கிற வாரமாம். ஆசாரி இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

நான் குளித்துவிட்டு வருவதற்குள் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. தாழ்ப்பாளைப் பிடுங்கித் திண்டில் அழகாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளைச் சட்டை கொடியிலேயே தொங்கியது. மைதானத்துக்குப் போகிறவர் அதைப் போட்டுக்கொண்டுதான் போவார்.

டேனியல் ஆட்டோவில் ஏறினேன். "ஷாப்டுக்கு வுடுப்பா" என்றேன். ஈரத்தலை. ஜாக்கெட் ஊக்குகூடச் சரியாகப் போடவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். பழைய காக்கிச் சட்டை. பில்லை வாங்கும் ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது சுவர்தான் இருக்கிறது. அதன் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். யாரும் கொடுக்காததால் திரும்பி ஷாப்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். டேனியல் பாயப் பார்த்தான். நான் பிடித்து நிறுத்தினேன். கை வைத்தால் திமிறுவார். கோல்கீப்பர் உடம்பு இன்னும் அப்படியே இருக்கிறது. ஓரத்தில் திமிறினால் இரண்டு பேரும் உள்ளே.

"இன்னாங்க" என்றேன். "இன்னிக்கு ஆட்டம் இல்லீங்களா?"

நின்றார். "கெடக்குது ஆட்டம். ரத்தினத்த எறங்க வேணாம்னு சொல்லிட்டன் மே. ஒரு ஆட்டமாச்சும் அவன் பாக்கட்டும். பாவம், ஞாயித்துக்கெழம வரன்னு குதிச்சிகினு இருந்தான். நான் எறங்கறன்."

இத்தனை வருஷம் இந்த மனுஷனைக் கல் என்று நினைத்துக்கொண்டேதான் சோறு போட்டேன். மச்சான் செத்த வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே, ஒரு வார்த்தை பேசவில்லையே என்று. உள்ளுக்குள் இத்தனை வருஷமும் இவர் அந்த ஜன்னல் முன்னாலேயே நின்றிருக்கிறார்.

எழுதவே கூசுகிறது, எழுதுகிறேன். ஒரு கணம் போகட்டுமே என்று இருந்தது. இவர் இறங்கினால் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று என் புத்தியும் இவர் புத்தி மாதிரியே ஓடியது.

அவர் இன்னும் ஓர் அடி வைத்தார். மண் சரிந்து தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. மழை, லீவு, கேன்சல், இனி எந்தப் பொய்யும் உதவாது.

"எறங்காதீங்க" என்றேன். "ரத்தினம் எறங்கிட்டான். உங்க பில்லைய வாங்கிகினு காலையிலயே போயிட்டான்."

"நான் வேணாம்னு சொன்னனே."

"நீங்க சொல்லல. போன்னுதான் சொன்னீங்க. கீழ பாற வெடிச்சிடிச்சி. எங்க அண்ணன் செத்துட்டான்."

என்னையே பார்த்தார். "எப்போ?"

"நீங்க ஆடிகினு இருந்தப்போ."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இடிந்துபோய் அழுதார், சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு. நாற்பத்தெட்டு வருஷத்து அழுகை. டேனியல் பின்னாலிருந்து மெதுவாகப் போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். அவன் கூடவே வந்தார்.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டார். மார்க்கெட் தாண்டும்போது அழுகை நின்றது. மெதுவாக என்னைக் கேட்டார். "நவநீதம், கோல் வுட்டனா?"

அவரைப் பிடித்து ஆட்டோவிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது.

"ஒன்னுகூட வுடல" என்றேன்.

சிரித்தார். அந்தப் பழைய சிரிப்பு. பாவி நான், நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 9, புதன்

ஆசாரி வந்து இரும்புத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனான். சுகுணா நேற்று நடந்ததைக் கேட்டு ஓவென்று அழுதாள். "பெங்களூருக்குக் கூட்டிகினு போயிடலாம்மா" என்கிறாள். பார்க்கலாம்.

இவருக்கு நேற்றைய நினைவு துளிகூட இல்லை. ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டே, "பைனல் எப்போ மே?" என்றார்.

அந்த வருஷம் நாங்கள் பைனல் ஆடவில்லை. துக்கத்தில் எங்கள் டீம் போகவே இல்லை. கோப்பையை எதிர் டீமுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இனி நடக்கப்போகிறது எதுவும் எனக்குத் தெரியாது. இனி எல்லாம் நான் சொல்கிறதுதான்.

"ஞாயித்துக்கெழம" என்றேன். ஞாயிறு என்றால் யாரும் கீழே இறங்க வேண்டாம்.

"ரத்தினம் வருவானா?"

"வருவான். மொத ஆளா வந்து குந்திக்குவான்."

"அப்போ அவனுக்கும் சேத்துச் சோறு கட்டு. பசி தாங்க மாட்டான்."

ஏப்ரல் 13, ஞாயிறு

மூன்று பேருக்குப் புளிசாதம் கட்டினேன். மழை இல்லை.